அவரைக் கொழுந்தில் ஓடும் அந்தக் கறுப்புப் புழு பொறிவண்டின் பிள்ளைதான், மருந்தை எடுத்து வையுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: மொட்டை மாடியில் அவரையும் தட்டைப்பயறும் போட்டிருக்கிறீர்கள், பத்து நாளாகக் கொழுந்து முழுக்கக் கறுப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது, இப்போது அதற்கு நடுவே குட்டி முதலை மாதிரி நீளமாக, முதுகெல்லாம் முள்ளாகக் கறுப்புப் புழுக்கள் வேறு ஓடுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக எதை அடிக்கலாம், இல்லையென்றால் பொறிவண்டு எங்காவது விலைக்குக் கிடைத்தால் வாங்கி விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மருந்து வேண்டாம், பொறிவண்டு வாங்கவும் வேண்டாம். அந்த முள்ளுப் புழுதான் பொறிவண்டு. நீங்கள் விலைக்குத் தேடுவது ஏற்கெனவே உங்கள் செடிக்கு வந்து, முட்டை வைத்து, பிள்ளைகளை வேலைக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துத் தட்டைப்பயறில் இதே காட்சியைப் பார்த்து, அசுவினி போதாதென்று புழுவும் விழுந்துவிட்டது என்று நினைத்து, கடையில் கேட்டு வாங்கிய மருந்தை மாலையில் அடித்தேன். மறுநாள் காலையில் எல்லாம் கருகிக் கிடந்தது. பத்தாம் நாள் அசுவினி மட்டும் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. புழுக்கள் வரவில்லை. அந்தப் போகத்தில் பாதிக் கொடியைப் பிடுங்கித்தான் போட்டேன். அடித்தது எதை என்று தெரிந்தபோது மனசு ரொம்பவும் கஷ்டப்பட்டது. அன்றிலிருந்து கையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இந்தப் பூச்சியைப் பார்த்துவருகிறேன், படிக்கவும் செய்திருக்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். பொறிவண்டு என்றதும் சிலர் தீப்பெட்டியில் போட்டு வளர்த்த பொன்வண்டை நினைத்துக்கொள்கிறார்கள், அது வேறு, பச்சையும் பொன்னுமாக மின்னும் பெரிய வண்டு. பொறிவண்டு மிளகை விடக் கொஞ்சம் பெரியது, அரைப் பயறு மாதிரி குவிந்த முதுகு, அடியில் தட்டை. உலகம் முழுக்கச் சுமார் 6,000 இனங்கள் இருக்கின்றன. நம் ஊர்ச் சமவெளியில் பயறு, பருத்தி, வெண்டை, சோளம் என்று எதில் அசுவினி விழுந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஆரஞ்சு அல்லது மஞ்சள் முதுகில் கறுப்பு வளைவுக் கோடுகள் நெளிந்து ஓடும் இனம். அறிவியல் பெயர் கீலோமினஸ் செக்ஸ்மாகுலேட்டா, பழைய வேளாண்மைப் புத்தகங்களில் மெனோகைலஸ் என்று போட்டிருக்கும். செக்ஸ்மாகுலேட்டா என்றால் ஆறு புள்ளி என்று அர்த்தம், ஆனாலும் முதுகில் ஆறு புள்ளியை எண்ண முடியாது. கோடும் புள்ளியும் வண்டுக்கு வண்டு மாறும், சிலவற்றில் கறுப்பு கூடுதலாகவும் சிலவற்றில் மஞ்சளே அதிகமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான், சேர்ந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. இதோடு கூடவே கொஞ்சம் பெரிதாக, ஆரஞ்சுச் சிவப்பில் தடித்த கறுப்புப் பட்டைகளோடு காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ் என்ற இனமும் வரும். வட இந்தியக் கடுகு வயல்களில் பெரிய கூட்டமாகத் தெரியும் ஏழு புள்ளி வண்டு இதற்கு நெருங்கிய சொந்தம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. கத்தரிச் செடியில் பொறிவண்டு மாதிரியே இருந்து, இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் வலை மாதிரி விட்டுவைக்கிற ஒன்று உண்டு. அதைப் புள்ளி வண்டு, எபிலாக்னா வண்டு என்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் சைவம். வித்தியாசம் சுலபம்: எபிலாக்னாவின் முதுகு பளபளக்காது, மெல்லிய ரோமம் மூடி மங்கலாக இருக்கும், புள்ளிகள் நிறைய, ஓர் இனத்தில் 28 வரை. அதன் புழு மஞ்சளாக இருக்கும், கிளை கிளையாகப் பிரிந்த முள் உடம்பெல்லாம் நிற்கும், இலையின் அடியில் அசையாமல் உட்கார்ந்து சுரண்டும். அசுவினி தின்னும் புழுவோ கறுப்பாக, முதுகில் வெள்ளை அல்லது மஞ்சள் திட்டோடு, ஆறு கால்களும் நன்றாக வெளியே தெரிய ஓடிக்கொண்டே இருக்கும். அவரையில் ஓடுகிறது என்கிறீர்கள், இலையில் சுரண்டல் இல்லை என்கிறீர்கள், அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

சரி, இது என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால் அசுவினியின் கணக்கை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். உங்கள் அவரையில் இருப்பது ஏஃபிஸ் கிராக்சிவோரா, பயறு வகைச் செடிகளின் கறுப்பு அசுவினி. வளர்ந்தது பளபளவென்று கறுப்பாக இருக்கும், குட்டிகள் சாம்பல் பூசின மாதிரி. நம் ஊர்ச் சமவெளியில் இதற்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் வைப்பதில்லை. தாய் நேராகக் குட்டி போடுகிறது, அத்தனையும் பெண். பிறக்கும்போதே அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரத்தில் அதுவும் தாய். இந்த வேகத்தில் பத்து நாளில் ஒரு கொழுந்து மூடிப்போவது ஆச்சரியமே இல்லை. கூட்டம் நெருக்கமானதும், செடி வாடத் தொடங்கியதும், இறக்கை உள்ள குட்டிகள் பிறந்து வேறு செடிக்குப் பறந்துவிடும். அதாவது ஓர் அசுவினிக் கூட்டத்தின் ஆயுள் சில வாரங்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பொறிவண்டின் மொத்த வாழ்க்கையும் இந்தக் கெடுவுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது.

தாய் வண்டு செடிக்கு வந்ததும் கொஞ்சம் தின்னும், கொஞ்சம் சுற்றும், அப்புறம்தான் முட்டை வைக்கும். முட்டைகள் மஞ்சளாக, நீள வடிவில், சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில், இலையின் அடிப்பக்கத்தில் நெல்மணியை நட்டு வைத்த மாதிரி பத்து, இருபது என்று கூட்டமாக நிற்கும். பக்கத்தில் அசுவினி இருக்கும் இடமாகத்தான் பார்த்து வைக்கும். ஆனால் அசுவினி இருந்தால் மட்டும் போதாது. அங்கே ஏற்கெனவே வேறு பொறிவண்டுப் புழு நடந்திருந்தால், அந்தப் புழு காலாலும் வாலாலும் விட்டுப்போன வாடையைத் தாய் மோப்பம் பிடித்துவிட்டு முட்டை வைக்காமல் கிளம்பிவிடும். ஐரோப்பாவின் இரு புள்ளி வண்டில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள், நம் ஊர் இனங்களிலும் இதே குணம் உண்டு. காரணம் நேரடியானது: முன்னால் பிறந்த புழு, பின்னால் வைக்கப்படும் முட்டையைத் தின்றுவிடும். தவிர, புழு பெரிதாகிவிட்ட கூட்டம் சீக்கிரம் காலியாகப்போகிறது, தாமதமாகப் பிறக்கும் பிள்ளைக்கு அங்கே சாப்பாடு இருக்காது. பிள்ளை பிறந்து வளர்ந்து முடிகிற வரைக்கும் இந்தக் கொழுந்தில் சோறு இருக்குமா என்பதை அந்தச் சின்னத் தலை எப்படியோ கணக்குப் போடுகிறது. எனக்கு இந்தப் பூச்சியிடம் மரியாதை வந்தது இதைப் படித்தபோதுதான்.

நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் முட்டை கறுத்துப் பொரிந்துவிடும். பொரிந்த புழுக்கள் உடனே கலைந்து ஓடாது, காலி முட்டை ஓட்டின் மேலேயே கொத்தாக உட்கார்ந்திருக்கும். முதலில் ஓட்டைத் தின்னும், அப்புறம் பக்கத்தில் பொரியாமல் இருக்கும் தம்பி தங்கைகளையும் தின்னும். பார்க்கக் கொடூரமாகத் தெரியும். ஆனால் அந்த வயதுப் புழு ஒரு மில்லிமீட்டர் அளவு, எதிரில் இருக்கும் அசுவினி கிட்டத்தட்ட அதே அளவு, அது காலால் உதைக்கும், நழுவும், செடியிலிருந்து குதித்தும் விடும். முதல் அசுவினியைப் பிடிக்கும் முன்பே பட்டினியில் சாகிற புழுக்கள்தான் அதிகம். அந்த ஒரு முட்டை உள்ளே போனால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தேட முடியும்.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. சில பொறிவண்டு இனங்களில் தாயின் உடம்பில் ஒரு வகை பாக்டீரியா குடியிருந்து, முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. அது ஆண் கருவை மட்டும் முட்டைக்குள்ளேயே கொன்றுவிடும். பாதி முட்டை பொரியாமல் நின்றுபோகும், பொரிந்த பெண் புழுக்கள் அந்தப் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகக் கிளம்பும். பாக்டீரியா ஆண் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போக முடியாது, அதனால் ஆணைக் கொன்று பெண்ணுக்குச் சோறாக்கினால் அதற்குத்தான் லாபம். ஐரோப்பாவின் இரு புள்ளி வண்டில் ரிக்கெட்சியா, ஸ்பைரோபிளாஸ்மா, வொல்பாக்கியா என்று ஒன்றுக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் தனித்தனியாக இதே வேலையைச் செய்வதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கலைந்து போன புழு எப்படித் தேடுகிறது என்பதைத்தான் உங்களைப் பார்க்கச் சொல்வேன், ஒரு அரை மணி நேரம் செடி அருகே உட்கார்ந்தால் போதும். அதற்குக் கண் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அசுவினி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும், இது பக்கத்தில் கடந்து போகும். பெரும்பாலும் முட்டி மோதினால்தான் தெரியும். ஆனால் அதன் நடையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: பசியோடு இருக்கும்போது வேகமாக, நேராக, தண்டின் மேலாகவும் இலை நரம்பின் வழியாகவும் ஓடும், எப்போதும் மேல்நோக்கி, வெளிச்சத்தை நோக்கி. கொழுந்து அங்கேதானே இருக்கிறது, அசுவினியும் அங்கேதானே. ஒன்றைத் தின்று முடித்தவுடன் நடை மாறும். மெதுவாகும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், வளைந்து வளைந்து அதே இடத்தையே சுற்றும். அசுவினி கூட்டமாக இருக்கும் பூச்சி என்பதால் ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்று இருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் அகப்படாவிட்டால் மறுபடி நேரான ஓட்டம்.

பிடித்த பிறகு நடப்பதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னப் புழு அசுவினியின் காலையோ முதுகையோ கவ்வி, செரிமான நீரை உள்ளே செலுத்தும். அப்புறம் உறிஞ்சும். அசுவினியின் உடம்பு காற்றுப் போன பலூன் மாதிரிச் சுருங்கும், உடனே திரும்ப உப்பும், மறுபடி சுருங்கும். உறிஞ்சியதைத் திரும்ப உள்ளே விட்டுக் கரைத்துக் கரைத்துக் குடிக்கிறது. ஐந்து, பத்து நிமிடத்தில் கசங்கிய வெள்ளைத் தோல் மட்டும் மிஞ்சும். இவ்வளவு நேரமும் புழு தன் வால் நுனியை இலையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கே ஒட்டும் தன்மையுள்ள உறுப்பு ஒன்று இருக்கிறது, காற்றடித்தாலும் விழாது. நன்றாக வளர்ந்த புழுவுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. தலையிலிருந்து கால்வரை மென்று தின்றுவிட்டு நகர்ந்துவிடும், தோல்கூட மிஞ்சாது.

புழுப் பருவம் நான்கு கட்டம், மூன்று முறை தோல் உரிக்கும், மொத்தம் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். இதில் கடைசிக் கட்டம்தான் முக்கியம். புழுவாக இருக்கும் காலம் முழுவதும் தின்னும் சில நூறு அசுவினிகளில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி மூன்று நான்கு நாளில் தின்பதுதான். நீங்கள் சொன்ன அளவு, 'அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி' என்றால், உங்கள் புழுக்கள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. அதாவது அவை இதுவரை தின்றது கொஞ்சம், இனிமேல்தான் பெரிய சாப்பாடு. அந்த நேரத்தில் போய் மருந்து அடிப்பது, கதிர் முற்றி நிற்கும்போது வயலை உழுகிற மாதிரி.

அப்புறம் ஒரு நாள் புழு தின்பதை நிறுத்திவிட்டு, இலையிலோ தண்டிலோ தொட்டி விளிம்பிலோ வாலை ஒட்டிக்கொண்டு கூன் போட்டு நிற்கும். அடுத்த நாள் அதே இடத்தில் மஞ்சளாக, கறுப்புப் புள்ளி வைத்து, உருண்டையாக ஒரு கூட்டுப்புழு இருக்கும், அடியில் பழைய தோல் கசங்கிக் கிடக்கும். இதை நோய் என்று நினைத்துச் சுரண்டி எடுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், படாரென்று எழுந்து எழுந்து உட்காரும். சின்னக் குளவிகளையும் எறும்பையும் விரட்ட அதனிடம் இருப்பது அந்த ஒரு அசைவுதான்.

மூன்று முதல் ஐந்து நாளில் வண்டு வெளியே வரும், பெரும்பாலும் நான் பார்த்தது காலை வேளையில். வரும்போது அதன் முதுகில் கோடும் இருக்காது, புள்ளியும் இருக்காது. ஈரமாக, வெளிர் மஞ்சளாக, உரித்த பச்சைப்பயறு மாதிரி இருக்கும். காலிக் கூட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, உள் இறக்கைகளைப் பின்னால் நீளமாக விரித்துக் காய வைக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் மங்கலாக ஒரு நிழல் மாதிரி கோடு தெரியத் தொடங்கும், சாயங்காலத்துக்குள் நன்றாகக் கறுத்துவிடும். மஞ்சள் ஆரஞ்சாக ஆழமாவதற்கு இன்னும் சில நாட்கள் ஆகும். அதனால் வெளிறிப்போன வண்டைப் பார்த்தால் அது சோகை பிடித்தது இல்லை, இளசு. அந்த உள் இறக்கை கெட்டியான மேல் இறக்கைக்குள் எப்படி மடிகிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது, ஏனென்றால் மூடி மறைத்துவிட்டுத்தான் மடிக்கிறது. ஜப்பானில் கசுயா சைத்தோ குழுவினர் வண்டின் மேல் இறக்கை ஒன்றை அகற்றிவிட்டு, கண்ணாடி மாதிரிப் பிசினில் செய்த செயற்கை இறக்கையை ஒட்டி அதன் வழியாகப் படம் பிடித்து 2017ல் வெளியிட்டார்கள். வயிற்றை ஏற்றி இறக்கி, இறக்கையின் வளைவோடு உராய வைத்து, வண்டு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

வளர்ந்த வண்டைக் கையில் எடுத்தால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரிக் கிடக்கும், விரலில் மஞ்சளாக ஒரு துளி ஒட்டும். அது மூத்திரம் இல்லை, ரத்தம். கால் முட்டி மூட்டுகளில் அதுவாகவே கசியவிடுகிறது. கடுங்கசப்பு, ஒரு மாதிரி வாடையும் அடிக்கும். ஏழு புள்ளி வண்டின் ரத்தத்தில் இருக்கும் கசப்புப் பொருளுக்குக் காக்சினெலின் என்று அதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு முறை வாயில் போட்டுத் துப்பிய குருவிக்கு அந்த ஆரஞ்சும் கறுப்பும் மறக்காது. வண்டு இப்படி வெயிலில் ஒளியாமல் உட்கார்ந்திருப்பது இந்தத் தைரியத்தில்தான். குழந்தைகள் எடுத்து விளையாடினால் பயப்பட வேண்டாம், கையைக் கழுவிவிட்டால் போதும்.

வண்டாக ஒன்றிரண்டு மாதம் உயிரோடு இருக்கும், நாளொன்றுக்குச் சில பத்து அசுவினிகளைத் தின்னும், பல முறை இணை சேரும், ஒவ்வொரு இணைசேர்க்கையும் மணிக்கணக்கில் நீளும். நல்ல அசுவினி தாராளமாகக் கிடைத்தால் ஆய்வகத்தில் ஒரு பெண் ஆயிரத்துக்கும் மேல் முட்டை வைத்திருக்கிறது. நம் கோடு வண்டின் இனப்பெருக்கத்தைப் பற்றி லக்னோ பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே வந்த முக்கியமான பாடம், எல்லா அசுவினியும் அதற்கு ஒன்று இல்லை என்பது. பயறு அசுவினி, பருத்தி அசுவினியெல்லாம் நல்ல சாப்பாடு, புழு சீக்கிரம் வளரும், முட்டை அதிகம். எருக்கஞ்செடியில் இருக்கும் மஞ்சள் அசுவினி எருக்கின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது, அதைத் தின்று வளர்ந்தவை மெதுவாக வளர்கின்றன, முட்டையும் குறைகிறது. ஆனாலும் வேறு வழியில்லாத மாதங்களில் எருக்கில்தான் ஒதுங்கும்.

இனி எறும்பு. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் 'கட்டெறும்பும் நிறைய ஏறுகிறது' என்று எழுதியிருந்தீர்கள், என்னைக் கேட்டால் பிரச்சினையே அங்கேதான். அசுவினி செடிச் சாற்றைக் குடித்து, மிச்சச் சர்க்கரையை இனிப்புத் துளியாக வெளியே விடும். இலை பிசுபிசுவென்று இருப்பதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும் அதனால்தான். எறும்புக்கு அது சோறு. மாடு மேய்ப்பவர் மாதிரி எறும்பு அசுவினிக் கூட்டத்தைச் சுற்றி நின்று காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும், புழுவை இழுத்துக் கீழே தள்ளும், முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு அதிகம் ஏறும் கொழுந்தில் அசுவினி தடிப்பாக இருப்பதையும், எறும்பு இல்லாத கொழுந்தில் பொறிவண்டுப் புழு இருப்பதையும் உங்கள் கொடியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எறும்பு போகப் பொறிவண்டுக்கு வேறு எதிரிகளும் உண்டு. கூட்டுப்புழுவில் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் உள்ளே இருந்து வண்டு வரவில்லை, குளவிக் கூட்டம் வந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் அதிசயமானது டைனோகாம்பஸ் என்ற குளவி. ஏழு புள்ளி வண்டு போன்ற பெரிய இனங்களின் உடம்புக்குள் ஒரே ஒரு முட்டையைக் குத்தி வைக்கும். உள்ளே வளர்ந்த குளவிப் புழு வெளியே வந்து, வண்டின் கால்களுக்கு நடுவே பட்டுக்கூடு கட்டிக்கொள்ளும். வண்டு அந்தக் கூட்டின் மேலேயே உயிரோடு, நகராமல், யாராவது நெருங்கினால் உடம்பை உதறிக்கொண்டு காவல் நிற்கும். குளவி முட்டையோடு ஒரு வைரஸும் உள்ளே போய் வண்டின் மூளையைப் பிடிக்கிறது என்று 2015ல் கண்டறிந்தார்கள். கனடாவில் வேறொரு இனத்தில் பார்த்தபோது, இப்படிக் காவல் நின்றவற்றில் சுமார் நான்கில் ஒன்று பிழைத்து எழுந்து நடமாடியிருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், வாங்கி விடலாமா. வேண்டாம் என்கிறேன், ஏனென்று சொல்கிறேன். பொறிவண்டு எப்போதும் அசுவினிக்குப் பின்னால்தான் வரும், கூட்டம் காலியாகும் முன்பே போய்விடும். இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் பிரிட்டிஷ் சூழலியலாளர் டிக்சன் இதை நன்றாக விளக்கியிருக்கிறார். அசுவினி ஒரு வாரத்தில் தலைமுறை மாறும், பொறிவண்டுக்கு மூன்று வாரம் வேண்டும். கூட்டம் தொடங்கும்போதே முட்டை வைக்காவிட்டால் பிள்ளை வளர்ந்து முடியும் முன் கூட்டம் சிதறிவிடும். நிறைய முட்டை வைத்தாலும் பிள்ளைகள் ஒன்றையொன்று தின்னும். அதனால் கொஞ்சம் வைத்துவிட்டு அடுத்த கூட்டத்தைத் தேடிப் பறந்துவிடுவதுதான் தாய்க்கு நல்லது. அசுவினியை அடியோடு ஒழிப்பது அதன் நோக்கமே கிடையாது.

பொறிவண்டு பெரிய வெற்றி பெற்ற கதைகளெல்லாம் வேறு பூச்சியோடு நடந்தவை. 1888ல் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவிலிருந்து ரொடோலியா என்ற சிவப்பு வண்டைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பி, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில் பூச்சியை ஒன்றிரண்டு வருடத்தில் அடக்கினார். அதே வண்டு பிற்பாடு நீலகிரியில் வாட்டில் மரங்களில் விழுந்த செதில் பூச்சிக்கும் கொண்டுவரப்பட்டது. 1898ல் காப்பிச் செடிக்காகத் தென்னிந்தியாவுக்கு வந்த கிரிப்டோலீமஸ் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய வண்டு, வந்த வேலையில் தோற்றாலும் மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே தங்கிவிட்டது, இன்றும் திராட்சை, கொய்யாவுக்கு வளர்த்து விற்கிறார்கள். செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் மாதக்கணக்கில் ஒரே மரத்தில் இருப்பவை, மெதுவாக வளர்பவை, அதனால் வண்டும் தங்கும். கிரிப்டோலீமஸை வாங்கி அவரை அசுவினிக்கு விட்டால் பயன் இருக்காது. அமெரிக்காவில் சியரா நெவாடா மலையில் குளிர்காலத்துக்கு லட்சக்கணக்கில் ஒதுங்கும் ஒரு பொறிவண்டை அள்ளி வந்து தோட்டக்காரர்களுக்கு விற்கிறார்கள், விட்ட ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலானவை பறந்துவிடுகின்றன. உங்கள் மாடிக்குத் தானாக வந்ததுதான் தங்கும், அதுவும் பறக்க முடியாத புழுவாக இருக்கிற வரைக்கும் கண்டிப்பாகத் தங்கும்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்கே எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். பந்தல் கம்பு, தொட்டிக் கால், கயிறு எது வழியாக ஏறுகிறது என்று பார்த்து, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதோ கம்பில் துணி சுற்றி கிரீஸ் தடவுவதோ போதும். செடியில் நேராகத் தடவ வேண்டாம். புழு ஒன்றுமே இல்லாமல் அசுவினி மட்டும் மொய்த்திருக்கும் கொழுந்துகளை ஒடித்து அப்புறப்படுத்துங்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள். புழு இருக்கும் கொழுந்தைத் தொடாதீர்கள், அங்கே அசுவினி கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். தேவைப்பட்டால் இலையோடு கிள்ளி எடுத்து அசுவினி அதிகம் உள்ள வேறு கொழுந்தில் புழுவை விடலாம், நான் செய்திருக்கிறேன், பத்து நிமிடத்தில் தின்னத் தொடங்கிவிடும்.

சோப்புத் தண்ணீர் இயற்கையானது என்று தெளித்துவிடாதீர்கள், மேலே பட்டால் மென்மையான உடம்புள்ள எல்லாமே சாகும், பொறிவண்டுப் புழுவும் சேர்த்து. வேப்பங்கொட்டைக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், வளர்ந்த வண்டை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் புழு தோல் உரிப்பதைக் கெடுக்கும். அதனால் பொறிவண்டு இன்னும் வராத செடிக்கு மட்டும்.

அடுத்த போகத்துக்குத் தொட்டி ஓரத்தில் நாலு சோளமோ மக்காச்சோளமோ போட்டு வையுங்கள். மக்காச்சோளத்தில் வரும் அசுவினி அவரைக்கு வராது, ஆனால் பொறிவண்டுக்கு முன்கூட்டியே சாப்பாடு, மகரந்தமும் கிடைக்கும். கொத்தமல்லியைக் கொஞ்சம் பூக்க விடுங்கள், அசுவினி இல்லாத நாட்களில் வண்டு அந்தத் தேனையும் மகரந்தத்தையும் வைத்து ஓட்டும். நம் ஊரில் பருத்திக்கு வரப்பில் தட்டைப்பயறு விதைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான், அதில் முதலில் அசுவினி விழும், பொறிவண்டு பெருகும், அப்புறம் உள்ளே போகும். உங்களிடம் தட்டைப்பயறும் அவரையும் பக்கத்திலேயே இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே அசுவினி என்பதால் அது அவ்வளவு பொருந்தாது, ஆனால் கத்தரி, மிளகாய், வெண்டை இருந்தால் தட்டைப்பயறு நல்ல நாற்றங்கால். அகத்தி, கிளைரிசிடியாவில் வருவதும் அவரைக்கு வருகிற அதே கறுப்பு அசுவினிதான், அதையும் கவனத்தில் வையுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் அவரையில் அசுவினி உச்சத்துக்குப் போகும், அதோடு சேர்ந்து பொறிவண்டும். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். நான்காவது, ஐந்தாவது நாளில் புழுக்கள் காணாமல் போன மாதிரி இருக்கும், பதறாதீர்கள், இலையின் அடியிலும் தொட்டி விளிம்பிலும் மஞ்சள் உருண்டைகளைத் தேடுங்கள். கீழே விழுந்த காய்ந்த அவரை இலைகளையும் அந்த வாரம் மட்டும் பெருக்கித் தள்ளாதீர்கள், அவற்றிலும் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.